பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய செவிலியர்: ஒரு மருத்துவமனைப் பிரிவின் பராமரிப்பு பற்றிய மதிப்புரை

74 வயதான என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்காக 12 நாட்கள் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் இருந்தார். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. மனதாரப் பாராட்ட வேண்டியவை பல இருந்தாலும், கூடவே ஒரு கடுமையான குறையும் உண்டு. அந்தக் குறையை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். அறுவை சிகிச்சை நிபுணரின் திறமையையோ அறையின் வசதியையோ நான் இங்கே மதிப்பிடப் போவதில்லை. நாளில் பத்து நிமிடம் வந்து போகும் மருத்துவருக்கும் மீதமுள்ள நேரம் முழுவதும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் நடுவே இருப்பது செவிலியர் சேவைதான். அது எப்படி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்பது ஒருவர் எந்த நிலையில் வீடு திரும்புகிறார் என்பதை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்று இந்த 12 நாட்களில் கண்ணெதிரே பார்த்தேன்.

சேர்த்த அன்று மாலையே ஒரு செவிலியர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தன் பெயரைச் சொன்னார். அம்மா வீட்டுக்குப் போகும் நாள்வரை அவருடைய பராமரிப்புத் திட்டத்துக்குத் தானே பொறுப்பு என்றும், தான் பணியில் இல்லாத நேரத்தில் வருபவர்களும் அந்தத் திட்டத்தின்படியே நடப்பார்கள் என்றும் விளக்கினார். பிறகு இருபது நிமிடம் பேசினார். எந்தக் காது நன்றாகக் கேட்கும், இரவில் எத்தனை முறை எழுந்திருப்பீர்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் வரும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, வீட்டுக்குப் போனதும் எதைச் செய்ய முடிந்தால் பழையபடி ஆகிவிட்டதாக நினைப்பீர்கள் என்றும் கேட்டார். "என் துணியை நானே காயப்போடணும், யாரையும் எதிர்பார்க்கக் கூடாது" என்றார் அம்மா. படுக்கைக்கு எதிரே இருந்த வெள்ளைப் பலகையில் அந்த வரியை அவர் அப்படியே எழுதி வைத்தார். இயன்முறை சிகிச்சையாளர் மறுநாள் வந்தபோது முதலில் படித்ததும் அதைத்தான். கையை உயர்த்தியபடி நிலையாக நிற்கும் பயிற்சி அங்கிருந்துதான் வந்தது.

இது முதன்மைச் செவிலியர் முறை எனப்படுவது. 1969-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் மேரி மேந்தி என்ற செவிலியரும் அவருடைய குழுவினரும் ஒரு வார்டில் இதைத் தொடங்கினார்கள். அதுவரை வார்டு வேலை பெரும்பாலும் காரியம் காரியமாகவோ குழுவாரியாகவோ பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு நோயாளியின் பராமரிப்பை ஒரு செவிலியர் திட்டமிட்டு, அதற்கு அவரே பொறுப்பேற்று, மற்றவர்களிடம் நேரடியாகப் பேசி நடத்திச் செல்வதே இந்த மாற்றத்தின் சாரம். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2001-ல் நல்ல சிகிச்சைக்கான ஆறு இலக்குகளை வகுத்தபோது, பாதுகாப்பு, பயன், நேரந்தவறாமை, சிக்கனம், சமத்துவம் ஆகியவற்றோடு நோயாளியின் தேவையை மையமாக வைப்பதையும் சமமாக வைத்தது. அதை மரியாதை சார்ந்த ஒரு கூடுதல் அம்சமாக மட்டும் புரிந்துகொள்பவர்கள் உண்டு. முந்தைய ஆண்டு இன்னொரு மருத்துவமனையில் நாங்கள் பட்டதை நினைத்தால் என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

அங்கே ஒரு வயிற்று அறுவை சிகிச்சைக்காக அம்மாவைச் சேர்த்திருந்தோம். ஊசி போட ஒருவர், ரத்த அழுத்தம் பார்க்க ஒருவர், கட்டு மாற்ற ஒருவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வேலையைக் குறையின்றிச் செய்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சோம்பியிருந்து நான் பார்க்கவில்லை. ஆனால் சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பார்கள் என்று நான் கேட்டபோது, கட்டு மாற்றியவர் அது தன் பொறுப்பில்லை என்றார், ஊசி போட்டவர் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், மறுநாள் காலை வந்தவருக்கு நான் கேட்டதே தெரியாது. நான்கு நாட்கள் அந்தக் குழாய் இருந்தது. நான்காம் நாள் குளிர்க்காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார்கள், மேலும் ஒரு வாரம் தங்கினோம். குழாய் உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதும், தேவை முடிந்தவுடன் அதை எடுப்பதே முதல் தடுப்பு என்பதும் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இந்த அம்மாவுக்கு இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா என்று தினமும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஆள் யார் என்பது மட்டும் யாருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

இம்முறை அந்தக் கேள்வியை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை, பணிமாற்றத்தின்போதே அது பேசப்பட்டது. இந்தப் பிரிவில் ஷிப்ட் மாறும்போது செவிலியர்கள் தங்கள் மேசையருகே நின்று குறிப்புகளை ஒப்படைப்பதில்லை. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒவ்வொரு படுக்கைக்கும் வருகிறார்கள். போகிறவர் அம்மாவின் காதுக்கு எட்டும்படி நடந்ததைச் சொல்வார், வருகிறவர் கையால் தொட்டுச் சரிபார்ப்பார். ஒரு நாள் அவர் போர்வையை விலக்கி, அம்மாவின் வலது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, ஓரத்தில் இருந்த சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் தோல் இன்னும் தப்பிக்கும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அது வெளுத்தது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் காற்றில் நிற்கும்படி செய்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு ஏதாவது விட்டுப்போச்சா? நாங்க சொன்னதுல தப்பு இருக்கா?" என்று கேட்டார். வலி மாத்திரை இரவில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததை அம்மா அப்போதுதான் சொன்னார். ஒரு படுக்கைக்கு நான்கு நிமிடம் ஆகியிருக்கலாம். ஒரு குதிகால் புண் ஆறுவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று அறிந்தவர்களுக்கு அந்த நான்கு நிமிடத்தின் மதிப்பு தெரியும்.

நான் அதிகம் எழுத வேண்டியது ஐந்தாம் நாளைப் பற்றித்தான். அம்மாவுக்குத் தலை கலைந்திருந்தால் பொறுக்காது. மயக்க மருந்து தெளிந்த அன்றுகூட முதலில் கேட்டது சீப்புதான். முதன்மைச் செவிலியர் அதைத் தெரிந்துகொண்டு, தினமும் காலையில் மருந்து கொடுத்த கையோடு சீப்பை எடுத்துக் கொடுப்பார். ஐந்தாம் நாள் காலை அம்மா சீப்பை வாங்கவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அது களைப்பாகத் தெரிந்தது. செவிலியர் சீப்பை மேசைமேல் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அம்மாவின் மார்பையே ஒரு முழு நிமிடம் கவனித்தார். மூச்சு நிமிடத்துக்கு 26, இயல்பைவிட வேகம். காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் வழக்கம்போல் இருந்தது, ஆக்சிஜன் அளவு 93 சதவீதம், சற்றுக் குறைவு. உடனே ட்யூட்டி டாக்டரை அழைத்தார், டாக்டர் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம் என்பதுபோல் பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் செவிலியர் தொலைபேசியில், "சார், எனக்கு இவங்களை அஞ்சு நாளாத் தெரியும். இன்னைக்கு இவங்க இவங்களா இல்லை" என்று சொன்னதை நான் கேட்டேன். மதியத்துக்குள் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா தொடங்கியிருந்தது. அன்றே மருந்து ஆரம்பித்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை வரவில்லை.

இதை ஒரு தனி மனிதரின் கூர்மை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உடல்நிலை சரியத் தொடங்கும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சின் எண்ணிக்கைதான். வார்டுகளில் அவசரத்தில் ஒப்புக்கு எழுதப்படுவதும் அதேதான், ஏனென்றால் அதை எண்ணுவதற்கு ஒருவர் ஒரு நிமிடம் நின்றாக வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட அவருக்குக் காரணம் தந்தது சீப்பு. நேற்று எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்குத்தான் இன்று மாறியிருப்பது தெரியும். சிக்கல் வந்த நோயாளியை உரிய நேரத்தில் கண்டுகொள்ளாமல் இழப்பதை, "காப்பாற்றத் தவறுதல்" என்று மருத்துவமனைத் தர ஆய்வுகளில் தனியாகவே அளக்கிறார்கள். சிக்கல்கள் எல்லா மருத்துவமனைகளிலும் வருகின்றன. அவற்றிலிருந்து மீட்கப்படுவோரின் எண்ணிக்கைதான் பெரிதும் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில் செவிலியரின் பங்கு எவ்வளவு என்பதை அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்தபோது, ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பும், காப்பாற்றத் தவறும் வாய்ப்பும் 7 சதவீதம் வீதம் கூடியிருந்தன. 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்விலும் மரண வாய்ப்பு குறித்து ஏறத்தாழ அதே அளவுதான் கிடைத்தது.

இந்த எண்களை நான் சொல்வதற்கு மூன்றாம் நாள் இரவு ஒரு காரணம். பகலில் எங்கள் முதன்மைச் செவிலியருக்கு ஐந்து நோயாளிகள். இரவில் அதே படுக்கை வரிசைக்கு ஒரே செவிலியர், 14 நோயாளிகள். அன்று நான் படுக்கையருகே இருந்தேன். தூங்குவதற்கு முன் யாரோ அம்மாவின் காதுக்கருவியைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கண்ணாடியும் அதற்குள்ளேயே போய்விட்டது. இரண்டு மணிக்கு மேல் விழித்த அம்மாவுக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. நான் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. இறந்துபோன தன் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, அறுவை சிகிச்சை செய்த காலைக் கீழே இறக்கப் பார்த்தார். 2.40-க்கு அழைப்பு மணியை அழுத்தினேன். 3.05-க்குத்தான் ஆள் வந்தது. அந்த 25 நிமிடமும் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் இல்லாதிருந்தால் அவர் நிச்சயம் விழுந்திருப்பார்.

அதன் பிறகு பார்த்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. ஒவ்வொரு மணி நேரமும் செவிலியர் வந்து, வலி இருக்கிறதா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா, படுத்திருக்கும் நிலை சரியா, தேவையான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் நடைமுறை. கேட்கும் முன்பே தேவையைக் கவனித்தால் மணி அடிப்பதும் நோயாளிகள் விழுவதும் குறைகின்றன என்று கண்டறிந்த பிறகு பல நாடுகளில் பரவிய முறை இது. கதவில் அதற்கான தாள் தொங்கியது. மணி மூன்றேகால்கூட ஆகாத அந்த நேரத்தில் நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் உரிய கட்டங்களில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது. நான் அதைக் காட்டியபோது அந்தச் செவிலியர் மறுக்கவில்லை. "14 பேர் சார், நான் ஒருத்திதான், ஆறாம் படுக்கையில ரத்தம் ஏத்திட்டு இருக்கேன்" என்றார். கண்கள் சிவந்திருந்தன. ரத்தம் ஏற்றத் தொடங்கிய நேரத்தில் நோயாளியை விட்டு அவர் நகரக் கூடாது என்பது சரியான விதி. என் அம்மாவிடம் அவர் வந்திருக்க வேண்டும் என்பதும் சரியான விதி. இரண்டையும் ஒருவரால் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்று தெரிந்தே பணிப்பட்டியல் போட்டவர்கள் மீதுதான் என் புகார்.

சுவீடனின் கோத்தன்பர்க்கில் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம், நோயாளியை ஒரு தனி மனிதராக முன்வைத்துத் திட்டமிடும் ஆள்மையப் பராமரிப்பைச் சோதித்து 2012-ல் வெளியான ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. அந்த முறைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது மருத்துவமனையில் தங்கும் காலம் ஒரு நாள் அளவுக்கே குறைந்திருந்தது. முறையின் எல்லாக் கூறுகளும் உண்மையிலேயே பின்பற்றப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் குறைவு இரண்டரை நாள். தாளில் டிக் போடப்பட்ட பராமரிப்புக்கும் உடம்புக்கு வந்து சேர்ந்த பராமரிப்புக்கும் இடையில் உள்ள தூரம் அதுதான்.

மறுநாள் காலை முதன்மைச் செவிலியர் வந்ததும் நடந்ததைக் கேட்டார், தன் சக ஊழியரைக் குறை சொல்லாமல் வேலையைத் தொடங்கினார். பலகையில் எழுதினார்: "இரவில் காதுக்கருவியும் கண்ணாடியும் தலையணைக்கு வலப்புறம், இவர் தொட்டு எடுக்கும் இடத்தில். பேசும் முன் முகத்தைக் காட்டவும்." சன்னல் திரையைக் காலையிலேயே விலக்கச் சொன்னார், பகலில் இரண்டு முறை எழுப்பி உட்கார வைத்தார், தூக்க மாத்திரை வேண்டாம் என்று மருத்துவரிடம் பேசினார், அடிக்கடி தண்ணீர் கொடுக்க எனக்கு ஒரு கால அட்டவணை தந்தார். சின்னச் சின்ன உபகாரங்கள் போலத் தோன்றும் இவை அனைத்துக்கும் வலுவான அடிப்படை உண்டு. அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷரோன் இனோவே தலைமையில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரிடம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், பார்வை, கேட்கும் திறன், தூக்கம், நடமாட்டம், நீர்ச்சத்து, இடம் காலம் பற்றிய நினைவூட்டல் ஆகியவற்றை ஒழுங்காகக் கவனித்தவர்களில் 9.9 சதவீதத்தினருக்கும், வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும் மனக்குழப்பம் ஏற்பட்டது. அம்மாவுக்கு அந்தக் குழப்பம் நான்காம் நாள் இரவு லேசாகத் திரும்பியது. ஆறாம் நாளிலிருந்து இல்லை.

அவர் விடுப்பில் இருந்த இரண்டு நாட்களில் பதிலுக்கு வந்தவர் திட்டத்தைப் படித்திருந்தார், ஆனால் நடைப்பயிற்சி ஒரு வேளை விடுபட்டது. அதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அனுப்பிய விதம் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கையில் கொடுத்து வழியனுப்புவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. முந்தைய நாளே செவிலியர் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்தையும் விளக்கினார். விளக்கி முடித்ததும் புரிந்ததா என்று கேட்காமல், "இப்போ நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க, நான் சரியாச் சொன்னேனான்னு தெரிஞ்சுக்கிறேன்" என்றார். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை எத்தனை நாள் போட வேண்டும் என்று நான் தவறாகச் சொன்னேன், திருத்தினார். வீடு வந்த இரண்டாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்து, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். அம்மா முன்பிருந்தே சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையும், மருத்துவமனை புதிதாக எழுதியதும் வேறு வேறு வணிகப் பெயர்களில் வந்த ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று அம்மா சொன்னதற்குக் காரணம் அதுவாக இருந்தது. இடுப்பெலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இன்னொரு விழுதல் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மேரி நெய்லரின் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருத்துவமனையிலிருந்து வீடுவரை தொடர்ந்து கவனித்த முதியவர்களில் 24 வாரங்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் 20.3 சதவீதம், அப்படிக் கவனிக்கப்படாதவர்களில் 37.1 சதவீதம். அந்த ஒரு அழைப்பு வந்திராவிட்டால் என் அம்மா இந்த இரண்டாவது கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும்.

கருத்துப் படிவத்தை அவர்கள் வாங்கும் முறை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும் அவசரத்தில், செவிலியர் எதிரே நிற்கும்போது, பத்துக்கு எத்தனை என்று கேட்கும் தாள் அது. திருப்தியை மட்டும் அளந்தால் தவறாகப் போகலாம்: அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு 2012-ல் வந்த ஆய்வில், மிகவும் திருப்தியடைந்திருந்தவர்களிடையே செலவும் மரண விகிதமும் கூடுதலாகவே இருந்தன. மாறாக, 55 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளிவந்த மதிப்பீடு, நோயாளியின் அனுபவம் நன்றாக இருக்கும் இடங்களில் பாதுகாப்பும் சிகிச்சைப் பயனும் பெரும்பாலும் நன்றாக இருப்பதைக் கண்டது. நம்மை மகிழ்வித்தார்களா என்று கேட்பதும் நமக்கு என்ன நடந்தது என்று கேட்பதும் ஒன்றாகாது. மணி அடித்தபின் எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தது, மருந்தின் பக்கவிளைவை யாராவது சொன்னார்களா, உங்கள் செவிலியரின் பெயர் என்ன என்று அந்தப் படிவம் கேட்டிருந்தால் மூன்றாம் நாள் இரவு அதில் பதிவாகியிருக்கும். பத்துக்கு எத்தனை என்ற கேள்விக்கு நான் ஒன்பது போட்டேன். அந்த ஒன்பதிலிருந்து அவர்கள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்பதால்தான் தனியாகக் கடிதம் எழுதினேன்.

பகல் நேரப் பராமரிப்புக்கும், வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். இரவுக்கு இரண்டுதான். இந்த முறையைச் சரியாக நடத்தும் பிரிவைத் தேடுபவர்கள் சேர்க்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்: என் நோயாளிக்குப் பொறுப்பான செவிலியர் யார், இரவில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், பணிமாற்றம் படுக்கையருகே நடக்கிறதா. இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் மற்ற இரண்டின் பதில்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

செவிலியர் கண்காணிப்பாளர் என் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்கிறார். அந்த இரவின் தாளை எடுத்துப் பார்த்ததாகவும், அந்த வரிசைக்கு இரவில் இன்னொரு செவிலியரைக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருப்பதாகவும், பணியிலிருந்தவர் மீது நடவடிக்கை எடுக்கப் போவதில்லை என்றும் அதில் இருந்தது. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. அம்மா இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். துணி காயப்போட இன்னும் ஒரு மாதம் ஆகும் என்கிறார் இயன்முறை சிகிச்சையாளர். மறுபடி தேவைப்பட்டால் அதே பிரிவில்தான் சேர்ப்பேன். இரண்டாவது செவிலியர் வரும்வரை இரவுகளில் நானும் கூடவே இருப்பேன்.